மொட்டைமாடியில் விண்வெளி வெயில், மேசைமேல் விமானச் சுடர்

ஏப்ரல் 11-ஐ ஒட்டிய ஒரு நாளில், மதியம் 12.20 மணிக்கு, நாகர்கோவிலில் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் கோல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிப்போயிருக்கும். செப்டம்பர் முதல் தேதி வாக்கிலும் இதே காட்சிதான். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரிக்குச் சற்று மேலே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் சரியாக உச்சந்தலைக்கு வருகிறது. மணி ஏன் 12 ஆகாமல் 12.20 என்றால், இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாகர்கோவில் இருப்பதோ 77.4 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் தாமதம்.

சிறிய செயற்கைக்கோள் செய்யக் கிளம்பும் மாணவர்கள் வருடத்துக்கு ஒரு குழுவாவது எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, “சார், சூரியமின் செல்லை விண்வெளிக்குச் சோதிக்க எங்கே போவது?” என்று கேட்பார்கள். அடுத்த குழு எரிபொருள் சோதனைக்கு வழி கேட்கும். இரண்டுக்கும் பெரிய கூடங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே போவதற்கு முன் இங்கேயே செய்து பார்க்க வேண்டியவை ஏராளம். செய்தவர்களுக்குத்தான் தெரியும், தவறான எண் வந்தால் பெரும்பாலும் செல்லிலோ எண்ணெயிலோ குறை இருக்காது. பலகை சாய்ந்திருக்கும், அல்லது கதவிடுக்கில் காற்று வந்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் கருவியைவிட அதை வைக்கும் விதத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வெயிலை அளப்பது

விண்வெளியில், பூமி இருக்கும் தொலைவில், சூரியஒளி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். தரையில் செல்களை ஒப்பிட உலகம் முழுவதும் வைத்துக்கொண்ட அளவு 1000 வாட், செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். நடுவில் காணாமல்போனதைக் காற்று தின்றுவிட்டது. எவ்வளவு தின்றது என்பது ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்பதைப் பொறுத்தது. சூரியன் நேர் தலைக்கு மேலே இருந்தால் அந்த அளவை 1 என்கிறோம். ஆய்வகங்களில் ஏர் மாஸ் என்பார்கள். சூரியன் சாயச் சாய அது 2, 3, 4 என்று ஏறும். விண்வெளியில் அது 0.

பூஜ்யத்துக்கு நம்மால் போக முடியாது. ஆனால் 4, 3, 2, 1 என்று இறங்கி வரும்போது செல்லின் மின்னோட்டம் எப்படி ஏறுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டைப் பூஜ்யம்வரை நீட்டலாம். அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூரியனை அளக்கக் கையாண்ட முறை இது. இதே லாங்லிதான் 1903-இல் ஆள் ஏறும் விமானம் ஒன்றைச் செய்து, அது போட்டோமாக் ஆற்றில் விழுந்து, அடுத்த சில நாள்களிலேயே ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டதைப் பார்க்க நேர்ந்தவர். விமானம் கைவிட்டாலும் அவருடைய கோடு கைவிடவில்லை. நாசா தன் விண்வெளி செல்களைச் சிறிய ஜெட் விமானத்தில் மேலே கொண்டுபோய் அளந்தபோதும் இதே கோட்டைத்தான் நீட்டியது.

முதலில் நிழற்பலகை. ஒரு மீட்டர் நீளமுள்ள வளையாத பலகை, அதன் ஒரு முனையில் 25 செ.மீ. உயரக் கோல். மொட்டைமாடித் தளத்தை நம்பாதீர்கள். மழைநீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் வேண்டுமென்றே சரிவு வைத்திருப்பார். பலகைக்கு அடியில் ஆப்பு கொடுத்து, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். கோலுக்குத் தூக்குக்குண்டு போடுங்கள். நிழலைக் கோலின் உயரத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வருவதே ஏர் மாஸ். 25 செ.மீ. கோலுக்கு நிழல் 28 செ.மீ. என்றால் 1.5, 43.3 என்றால் 2, 70.7 என்றால் 3, 96.8 என்றால் 4. இந்த நான்கு இடங்களிலும் பலகையில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்க உட்கார வேண்டியதில்லை.

நிழல் நீளும்போது அதன் நுனி மங்கும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலத் தட்டாக இருப்பதே காரணம். ஏர் மாஸ் 4-இல் நுனி மூன்று, நான்கு செ.மீ. அளவுக்குப் புகைபோலக் கலைந்து கிடக்கும். எது நுனி என்று மூன்று மாணவர்களைக் கேட்டால் மூன்று பதில் வரும். கோலின் உச்சியில் 25 செ.மீ. உயரத்தில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டி, துளை வழியே பலகையில் விழும் ஒளிப்பொட்டின் நடுவை அளந்தால் இந்தச் சண்டை தீரும்.

அடுத்தது பார்வைக்குழாய். திறந்த வெளியில் வைத்த செல் சூரியனை மட்டும் பார்ப்பதில்லை. நீலவானத்தையும் வெள்ளை மேகத்தையும் பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. லாங்லி கோட்டுக்கு நேர்க்கதிர் மட்டும்தான் வேண்டும். 50 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் அரை மீட்டர் வெட்டி, உட்புறம் கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்டைப் பூசிக் காயவையுங்கள். பளபளக்கும் கறுப்பு ஆகாது. அடிமுனையில் 2 செ.மீ.க்கு 2 செ.மீ. அளவிலான சிலிக்கான் செல்லை, ஓர் அலுமினியத் துண்டின்மேல் வெப்பம் கடத்தும் பசை தடவி ஒட்டுங்கள். செல்லின் வெப்பநிலையை அளக்க, அலுமினியத்தின் பின்னால் ஒரு வெப்ப இரட்டை. இப்படிச் செய்த குழாய் வானத்தில் ஆறு டிகிரிக்கும் குறைவான வட்டத்தையே பார்க்கும். சூரியனை நோக்கித் திருப்ப, குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் சுருங்கி வெறும் வட்டமாகும்போது குறி சரி. குழாய்க்குள் கண்ணை வைத்துச் சூரியனைத் தேடும் வேலை கூடவே கூடாது.

செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டு, அதன்மேல் விழும் மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் படியுங்கள். ஓமின் விதிப்படி அந்த எண்ணே மில்லிஆம்பியர். நூறு மில்லிவோல்ட் என்பது 0.6 வோல்ட் செல்லுக்குக் குறுக்குச்சுற்றுபோலத்தான், மின்னோட்டம் மாறாது. மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையில் நேரடியாகச் செருகுவதைவிட இது நல்லது. கம்பி நான்கு வேண்டும். மின்னோட்டம் போவது ஒரு ஜோடியில், அளப்பது மற்றொரு ஜோடியில். அளக்கும் ஜோடியை மின்தடையின் உடலுக்கு ஒட்டியே பற்றவையுங்கள். மெல்லிய கம்பியின் தடையும் சேர்ந்துவிட்டால் எண் கூடித் தெரியும்.

நாளும் இடமும்

ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நமக்கு நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடை இடிமழை தொடங்கியிருக்காது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் மும்முரத்தில் உங்கள் பலகையையும் தூக்கிப்போகும்.

நாகர்கோவிலில் வடக்கும் வடகிழக்கும் மலை. காலையில் தாழ்ந்த சூரியனைப் பிடிக்க வட்டக்கோட்டைப் பக்கத்துக் கிழக்குக் கடற்கரை சிறந்தது. மாலைக்கு முட்டம் அல்லது குளச்சல். காலைக் காற்றும் மாலைக் காற்றும் ஒன்றில்லை என்பதால் இரண்டையும் ஒரே கோட்டில் சேர்க்காதீர்கள். காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு.

ஒருமுறை விடிகாலையிலேயே போய் எல்லாம் விரித்துவைத்துவிட்டோம். வானம் துடைத்ததுபோல இருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கிழக்கே பார்த்துவிட்டு, “மக்களே, கடல்மேல் மூட்டம் கிடக்கிறது, எட்டு மணிவரை விலகாது” என்றார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வரைபடத்தில் தெரிந்தது. ஏர் மாஸ் 4-இலிருந்து 3 வரை இருந்த புள்ளிகளெல்லாம் கோட்டுக்குக் கீழே தொங்கின. அதற்குப் பிறகு, கடலும் வானமும் சேரும் இடம் கத்தியால் கீறியதுபோலத் தெரியாத நாளில் நாங்கள் குழாயை வெளியே எடுப்பதில்லை.

ஏர் மாஸ் 4 முதல் 2.5 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு கால்மணிக்கு ஒருமுறை படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நேரம், நிழல், மில்லிவோல்ட், செல்லின் வெப்பநிலை. மேகம் தொட்டால் எண்ணை அழிக்காமல் பக்கத்தில் “மேகம்” என்று எழுதுங்கள்.

வரைவதற்கு அரை மடக்கை வரைபடத்தாள் எடுங்கள். கிடையச்சில் ஏர் மாஸ், மடக்கை அச்சில் மின்னோட்டம். நல்ல நாளாக இருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கணக்கு புரிவதற்காக ஓர் எளிய உதாரணம்: ஏர் மாஸ் 3-இல் 64, 2-இல் 80, 1-இல் 100 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் 0.8 மடங்கு. அப்படியானால் பூஜ்யத்தில் 100-ஐ 0.8-ஆல் வகுக்க 125. விண்வெளியில் அந்தச் செல்லிலிருந்து எதிர்பார்க்கும் மின்னோட்டம் அது.

இந்த 125-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீராவி விழுங்கும் அலைநீளங்களில் கோடு நேராக இருக்காது, பூஜ்யத்தை நெருங்கும்போது மேல்நோக்கி வளையும். கடலோரத்தில் நீராவிக்குப் பஞ்சமில்லை. எனவே நீங்கள் பெறும் எண் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இன்னொன்று, பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகிலும் ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவிலும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒளியில் சுமார் 7 சதவீத வித்தியாசம். எந்தத் தேதியில் அளந்தீர்கள் என்பதைத் தாளின் தலைப்பில் எழுதாவிட்டால் இந்தத் திருத்தத்தைப் போட முடியாது.

செல்லின் முழு வளைகோடு

குழாயைக் கழற்றிவிட்டு, செல்லைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, 1 ஓமுக்குப் பதில் மாற்றக்கூடிய மின்தடையைப் போட்டு, குறுக்குச்சுற்றிலிருந்து திறந்த சுற்றுவரை இருபது இடங்களில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். இழுத்தால் செல் சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் செல் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இழக்கிறது. வெயிலில் கிடந்து 60 டிகிரிக்குப் போன செல், 25 டிகிரியில் இருப்பதைவிட 70 மில்லிவோல்ட் குறைத்துக் காட்டும். அறுநூறில் எழுபது என்பது சிறிய தொகையா? அளக்கும் நிமிடம்வரை ஈரத்துணியால் செல்லை மூடிவைத்து, துணியை எடுத்துத் துடைத்தவுடன் படிப்பதே எங்கள் வழக்கம்.

மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கல் அதிகமாக வரும் இடமே செல்லின் உச்சத் திறன். அதைத் திறந்த சுற்று மின்னழுத்தத்தாலும் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தாலும் வகுத்தால் நிரப்பு விகிதம் கிடைக்கும். 0.75-க்கு மேல் இருந்தால் நல்ல செல். 0.65 என்று வந்தால் செல்லைத் திட்டுவதற்கு முன் பற்றவைத்த இடங்களைப் பாருங்கள்.

செயற்கைக்கோள்களில் இப்போது பறப்பவை பெரும்பாலும் மூன்றடுக்கு செல்கள். விண்வெளி ஒளியில் 30 சதவீதத்தை ஒட்டிய திறன் கொண்டவை. 10 செ.மீ. கனசதுரச் செயற்கைக்கோளின் ஒரு பக்கத்தில் அவற்றில் இரண்டை ஒட்டலாம், மொத்தம் சுமார் 60 சதுர செ.மீ. சூரியன் நேராக விழுந்தால் கிடைப்பது ஏறத்தாழ 2.4 வாட். வீட்டு இரவு விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கேமரா, ரேடியோ, கணினி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக்கொண்டு வரும்போது நான் இந்த ஒரு பெருக்கலைத்தான் கரும்பலகையில் எழுதுவேன்.

வெப்பச் சுழற்சியைப் பற்றிச் சுருக்கமாக. தாழ்ந்த சுற்றுப்பாதையில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு பகல், ஓர் இரவு. ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேல். செல் ஒட்டிய பலகையைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம், பிறகு 80 டிகிரி சூட்டடுப்பில் ஒரு மணி நேரம். இதை ஐம்பது முறை செய்து, ஒவ்வொரு பத்துக்கும் வளைகோட்டை எடுங்கள். பற்றவைப்பு விரிசல் விடுமானால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். வெற்றிடமும் கதிர்வீச்சும் நம் கையில் இல்லை. அவற்றுக்குப் பெரிய கூடங்களையே நாட வேண்டும்.

சுடரை அளப்பது

ஆரல்வாய்மொழியைத் தாண்டினால், மாவட்ட எல்லைக்கு அப்பால், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். திரவ எஞ்சின்களைப் பொருத்தி எரித்துப் பார்க்கும் இடம். 2025 மார்ச் 28 அன்று அரைக்குளிர்நிலை எஞ்சினின் முக்கியப் பகுதி அங்கே 2.5 விநாடி எரிக்கப்பட்டது. அதில் எரிவது திரவ ஆக்சிஜனோடு சேர்ந்த சுத்திகரித்த மண்ணெண்ணெய். விமானத்தின் எரிபொருளும் மண்ணெண்ணெய் வம்சம்தான். ஆகவே ஒரு திரிவிளக்கிலிருந்து தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விமான எரிபொருளின் தரவரையறையில் புகைநிலை என்று ஓர் அளவு உண்டு. திரிவிளக்கில் புகை கிளம்பாமல் சுடரை எத்தனை மி.மீ. வரை உயர்த்தலாம் என்பதே அது. ஜெட் ஏ-1 எரிபொருளுக்குக் குறைந்தது 25 மி.மீ. வேண்டும். நாப்தலீன் வகைகள் (இரட்டை வளையச் சேர்மங்கள்) 3 சதவீதத்துக்கு மேற்படாவிட்டால் 18 போதும். காரணம் நேரடியானது. வளையச் சேர்மங்கள் கூடினால் கரித்துகள் கூடும். அந்தத் துகள்தான் சுடருக்கு மஞ்சள் ஒளியைக் கொடுப்பது. எஞ்சினுக்குள் அதே ஒளி வெப்பமாகப் பாய்ந்து எரியறையின் சுவரைத் தின்னும்.

இதற்கென்றே அளவுகோல் பொருத்திய விளக்கு ஆய்வகக் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாமல் சிமினி விளக்கில் செய்தால் இரண்டு எண்ணெய்களை ஒப்பிடலாம். தரவரையறையோடு ஒப்பிட முடியாது. எண்ணெய் வாங்கும்போது கவனியுங்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச்சாயம் கலந்திருக்கும். சாயமில்லாத வெள்ளை மண்ணெண்ணெயே சோதனைக்கு ஏற்றது.

திரியைச் சுத்தம் செய்து, 100 டிகிரிக்குச் சற்று மேல் உலர்த்தி, எண்ணெயில் நனைத்து, முனையைச் சவர பிளேடால் ஒரே வெட்டாகச் சமமாக நறுக்குங்கள். பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் சுடர் ஒருபக்கம் கோணும். ஏற்றி, 10 மி.மீ. உயரத்தில் ஐந்து நிமிடம் எரியவிடுங்கள். பிறகு மெல்ல உயர்த்துங்கள். ஓர் உயரத்தில் நுனி ஊசியாக நீண்டு, இரு ஓரமும் உள்வாங்கி, கறுப்பு வால் ஒன்று முளைக்கும். இப்போது மயிரிழை மயிரிழையாக இறக்குங்கள். வால் மறைந்து, நுனி சற்றே மழுங்கி நிற்கும் அந்தக் கணத்தில் அரை மி.மீ. துல்லியத்தில் படியுங்கள். கண் நேராக இருக்கக் கூடாது. ஒரு பக்கமாகச் சற்று விலகி இருந்தால் அளவுகோலில் சுடரின் பிம்பம் தெளியும். மூன்று முறை எடுத்துச் சராசரி.

ஒரு ஜூலை மாதத்தில் ஒரே எண்ணெய்க்கு 22, 26, 19 என்று வந்தது. மூன்று மாணவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சார், ஃபேன் போடவே இல்லை, ஜன்னலும் சாத்தியிருக்கிறது” என்றான் ஒருவன். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மேசையைச் சுற்றிப் பிடித்தோம். புகை விளக்குக்கு அருகில் வந்ததும் தரையைப் பார்த்துப் படிந்து, பக்கத்து அறையை நோக்கி ஓடியது. அங்கே காற்றை வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் கதவின் அடியிடுக்கு வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நனைத்த சாக்கைக் கதவடியில் அடைத்த பிறகு 22, 22, 21.5. அன்றிலிருந்து ஊதுபத்தி எங்கள் கருவிப் பட்டியலில் இருக்கிறது. அளக்கும்வரை விசிறியை நிறுத்திவைத்து, அளந்து முடித்ததும் அறையைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

விளக்குக்கு விளக்கு எண் மாறும், காற்றழுத்தத்துக்கும் மாறும். எனவே ஐசோஆக்டேனும் டொலுயீனும் கலந்த ஒப்பீட்டுத் திரவங்களை அதே நாளில் அதே விளக்கில் எரிக்க வேண்டும். டொலுயீன் 20 சதவீதம் என்றால் புகைநிலை 22.7, 15 சதவீதம் என்றால் 25.8 என்று வரையறை உண்டு. உங்கள் விளக்கு இவற்றுக்கு 21.5, 24.3 என்று காட்டினால், வரையறை எண்ணை விளக்கின் எண்ணால் வகுத்த விகிதங்களின் சராசரி 1.059. மாதிரி 22 என்று காட்டியிருந்தால் திருத்திய விடை 23.3, அரை மி.மீ.க்கு முழுமையாக்கினால் 23.5. 25-ஐத் தொடவில்லை, ஆகவே நாப்தலீன் அளவைப் பார்க்காமல் தேறியது என்றோ தவறியது என்றோ எழுதக் கூடாது. டொலுயீன் ஆவியைச் சுவாசிக்க விடாதீர்கள்; கலப்பதெல்லாம் ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள், சுடருக்கு வெகுதொலைவில்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் ஆசை குறுக்கிடும். புன்னை எண்ணெயையும் ரப்பர் விதை எண்ணெயையும் பயோடீசலாக்கி மண்ணெண்ணெயில் கலந்தால் என்ன? கலக்கலாம், ஆக்சிஜன் உள்ள எஸ்டர் என்பதால் புகை குறைவதையும் பார்க்கலாம். ஆனால் அதே கலவையை ஒரு குப்பியில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் கலங்கி, அடியில் மெழுகு படிந்திருக்கும். ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரிவரை உறையாமல் இருக்க வேண்டும். அதில் இத்தகைய எஸ்டர் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவும் கூடாது. தாவர எண்ணெய் விமானத்துக்குப் போவது வேறு பாதையில்: ஹைட்ரஜனோடு வினைபுரியவைத்து, ஆக்சிஜனை நீக்கி, மண்ணெண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பனாக மாற்றிய பிறகு.

நீலக்கூம்பு

கடைசிச் சோதனை, சுடர் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது. எரிவாயுவையும் காற்றையும் தனித்தனி ஓட்டமானிகள் வழியே அளந்து, கலந்து, 10 மி.மீ. உள்விட்டமுள்ள நீண்ட பித்தளைக் குழாயின் வாயில் எரியுங்கள். கலக்கும் கலம் சிறியதாக இருக்கட்டும். சுடர் பின்வாங்காமல் தடுக்கும் சாதனம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால், குழாய்க்குள் சராசரி வேகம் விநாடிக்கு 127 செ.மீ. அறையை இருட்டாக்கி, கேமராவைத் தாங்கியில் வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு நீலக்கூம்பைப் படம் எடுங்கள். கூம்பின் பாதிக்கோணத்தின் சைனை 127-ஆல் பெருக்கினால் வருவதே எரிவேகம். கூம்பு சுமார் 15 மி.மீ. உயரமிருந்தால் பாதிக்கோணம் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். எரிவேகம் விநாடிக்கு 40 செ.மீ. புரோப்பேனும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்தால் இந்த அளவுதான் வர வேண்டும்.

கோணத்தைக் கூம்பின் நடுப்பகுதியில் அளந்துகொள்ளுங்கள். நுனி உருண்டிருக்கும், அடி குழாயின் விளிம்பில் குளிர்ந்து வளைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் 50-க்கு மேல் போய்விடும். நுனியில் மஞ்சள் தலைகாட்டினால் காற்று குறைவு. கூம்பு குழாய்வாயிலிருந்து எழும்பித் தள்ளாடினால் ஓட்டம் அதிகம், அல்லது எங்கேயோ ஒரு கதவிடுக்கு திறந்திருக்கிறது, ஊதுபத்தியை எடுங்கள்.